மூன்று புள்ளி வைத்த ஸ்பேனர்

என் டூல் பாக்ஸில் எதுவும் உருளாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி? பெட்டிக்குள் கெட்டியான கான்வாஸ் துணி தைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் உறை வைத்திருந்தேன். மொத்தம் இருபத்து நாலு உறை. ஒவ்வொரு சாமானிலும் முக்கோணமாக மூன்று புள்ளி குத்தியிருப்பேன். பட்டறையில் யார் கையிலாவது அந்தப் புள்ளி தட்டுப்பட்டால், "தியோடர் சாமான்டா, வெச்சிடு, மனுஷன் கத்துவான்" என்று கீழே வைத்துவிடுவார்கள். நான் கத்துகிறவன்தான், மறுக்கவில்லை.

அந்தப் பெட்டியை 1961-ல், ஆயுத பூஜையன்று விற்றேன். ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது, அங்கே சாமானெல்லாம் அவர்களே தருவார்கள் என்று ஊருக்குச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. பெட்டியில் ஓர் உறை ஏழு வருடமாகக் காலியாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்க வந்தவள் ஃபாத்திமா பீ. சிவாஜிநகரில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு கடையைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவின் பின்கட்டில் நான் குடியிருந்தேன். அங்கேயே ஜட்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக உருவிப் பார்த்தாள்.

"மேஸ்திரி, உறை இருபத்து நாலு இருக்குது. சாமான் இருபத்து மூணுதான். இன்னொண்ணு கிதர் கயா?"

"தொலைஞ்சு போச்சு."

"இன்னா சாமான்?"

"அரை இஞ்சு பாக்ஸ் ஸ்பேனர். குழாய் மாதிரி உருண்டையா இருக்கும்."

"உன் சாமானா? தொலைஞ்சுதா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் எண்ணி, இருபத்து மூணு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியை மூடவிட்டாள். நான் பழக்கதோஷத்தில் பூட்டினேன். அதே பழக்கதோஷத்தில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளும் கவனிக்கவில்லை. ஜட்கா கிளம்பியபோது சர்ச் மணி நாலு அடித்தது.

அந்த நாலு மணி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், அதே ஆயுத பூஜை நாள். கலாசிபாளையத்திலிருந்து பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு தனியார் கம்பெனியில் எனக்கு வேலை. மாகடிப் பக்கம் போகும் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு முன்னால், பெடல்களுக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்துப் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தேன். போர்மேன் முனியப்பன் வெளியிலிருந்து கூப்பிட்டார். "தியோடர், டூல்ஸெல்லாம் கொண்டா, பூஜைக்கு நேரமாச்சு!" அவசரமாகச் சாமான்களை வாரிப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தால் எண்ணாமல் பெட்டியை மூடாதவன் நான். அன்றைக்கு எண்ணவில்லை. எல்லாச் சாமானும் சாமி முன்னால்தானே வரிசையாக இருக்கப்போகிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் பூஜைப் பலகையில் என் சாமான், முனியப்பன் சாமான், எல்லார் சாமானும் கலந்து கிடந்தன. அதற்கு மேல் சாமந்திப் பூவைக் கொட்டியிருந்தார்கள். வாசலில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. டிரைவர் கோவிந்தப்பா மாலை போட்ட ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பூவை விலக்கக் கையை நீட்டினேன். "நாளைக்குக் காலைலதாம்ப்பா தொடணும்" என்றார் முனியப்பன், கோபமில்லாமல். அங்கே கிறிஸ்தவன் நான் ஒருத்தன்தான். அவர்கள் பூஜையில் நான் ஏன் கை வைக்க வேண்டும் என்று கையை இழுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். நாலு தப்படிதான். வண்டி புறப்படும் சமயத்தில் அபசகுனமாக எதையாவது சொல்வானேன் என்று அதையும் செய்யவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மணி நாலு.

இருட்டுவதற்கு முன் அந்த பஸ் ஓர் இறக்கத்தில் நிற்காமல் போய் ஏரிக்கரை வளைவில் திரும்பாமல் தண்ணீரில் இறங்கியது. கோவிந்தப்பாவும் மூன்று பிரயாணிகளும் செத்துப்போனார்கள். பண்டிகை நாள், டிரைவர் தண்ணி போட்டிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். அதுவே நிலைத்துவிட்டது. மறுநாள் காலை பலகையிலிருந்து என் சாமான்களைப் பொறுக்கி எண்ணினேன். இருபத்து மூணு.

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எங்கேயாவது விழுந்திருக்கும், வண்டிக்குள் விழுந்தது என்று என்ன நிச்சயம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். அதன் பிறகு பட்டறையில் ஒருத்தரும் என்னிடம் அரை இஞ்சு பாக்ஸ் ஸ்பேனர் இரவல் கேட்டதில்லை. என் வாய்க்குப் பயந்து கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை விற்ற மறுநாள், விஜயதசமி. காலை எட்டு மணிக்கு ஃபாத்திமா பீ பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"சாவி குடு."

"சாவிக்கா இவ்வளவு தூரம் வந்தே? பெட்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"உள்ள ஒண்ணு உருளுது மேஸ்திரி."

"என் பெட்டியில எதுவும் உருளாது."

"நேத்து உன் வீட்டுலருந்து போறேன். மேட்டுல வண்டி ஏறுறப்போ சத்தமே இல்ல. இறக்கத்துல மட்டும் பின்னாலருந்து கடகடன்னு உருண்டு வந்து முன்னாடி டங்குன்னு முட்டுது. குதிரை அங்கியே நின்னுடுச்சு. சரி, வண்டி ஆட்டம்னு வுட்டேன். கடைக்குப் போயி தரையில வெச்சேன். தரை சமமாத்தான் இருக்குது. யாரும் தொடல. அப்பவும் உருளுது. உருண்டு வந்து முட்டுது. கொஞ்ச நேரம் சும்மா இருக்குது. மறுபடியும் உருளுது. ராத்திரி பூரா, அல்லா கசம்."

பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன் நான். அவளைக் கேலி செய்ய வாயெடுத்தபடியேதான் சாவியைப் போட்டுத் திறந்தேன். இருபத்து மூன்று சாமானும் உறைக்குள் நான் வைத்தபடியே இருந்தன. பெட்டியின் முன்பக்கத்து மூலையில், தகரத்தை ஒட்டி, இருபத்து நாலாவது கிடந்தது. அரை இஞ்சு பாக்ஸ் ஸ்பேனர். என் மூன்று புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் காயவில்லை.

உண்மையைச் சொன்னால், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தொலைஞ்சுதுன்னியே, அது இதுவா?"

"ஆமா."

"யாரு வெச்சா? சாவி உன்கிட்ட, பெட்டி என்கிட்ட." அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் எண்ணி எடுத்தது இருபத்து மூணு. எண்ணாத சாமான் என் கடைக்கு நக்கோ, வேணாம். இது யாருதோ அவங்ககிட்ட போயி குடுத்துடு. யாருன்னு உனக்குத் தெரியும், உன் மூஞ்சியிலயே தெரியுது." ஸ்பேனரை என் பக்கம் தள்ளிவிட்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியோடு வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தெருக்கோடியில் இறக்கம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியில் சத்தமே இல்லை.

செத்துப்போன நாலு பேரில் எனக்குத் தெரிந்த ஒரே விலாசம் கோவிந்தப்பாவுடையது. ஸ்ரீராம்புரத்தில் முனீஸ்வரன் கோயிலுக்குப் பின்சந்து. ஏழு வருடமாகத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய் அவன் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், வேறு தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு ஸ்பேனரைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பஸ் ஓர் இறக்கத்தில் இறங்கியது. கைக்குட்டைக்குள் அது மெதுவாக ஒரு புரட்டு புரண்டது. நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் வரி மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

கோவிந்தப்பாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாத்திரம், பாய், டிரங்குப் பெட்டி எல்லாம் இழுத்துப் போடப்பட்டிருந்தன. அவன் மனைவி சந்திரம்மா தரையில் முட்டி போட்டு அடுப்புக்குப் பின்னால் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரை. அழுதழுது மூக்கு வீங்கியிருந்தது.

"யாருய்யா நீ? இன்னா வேணும்?"

"என்னம்மா தேடுறீங்க?" என்றேன். வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு சாமானு. நேத்து மத்தியானம் பூஜை பண்ணி அங்கதான் வெச்சேன். நாலு மணிக்குப் பாக்குறேன், காணல. யாருமே வூட்டுக்குள்ள வரல சாமி."

அவள் காட்டிய இடத்தில் ஒரு பலகை. அதன் மேல் காக்கிச் சட்டையில் கோவிந்தப்பாவின் போட்டோ, பல்லெல்லாம் தெரிய. போட்டோவுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குச் சந்தனக் கறை, நடுவில் ஒன்றும் இல்லை. நான் கைக்குட்டையைப் பிரித்தேன்.

அவள் பாய்ந்து பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதனிடமே பேசுகிற மாதிரி பேசினாள்.

"இது பெடலுக்கு அடியில மாட்டிக்கினு இருந்துச்சாம். அவரு செருப்போட, வாட்சோட சேத்து போலீஸ்காரரு குடுத்தாரு. ஊர் பூரா குடிச்சிட்டு ஓட்டினான்னாங்க. இந்தத் தெருவுல எனக்குப் பேரே மூணு பேரைக் கொன்னவன் பொண்டாட்டி. தண்ணி புடிக்கப் போனா கொடத்தைத் தள்ளி வெப்பாளுங்க. குடிச்சவன் கையில சாமானு ஏன்யா இருக்கும்? வண்டியில என்னமோ ரிப்பேரு, அதை சரி பண்ணப் பாத்துருக்காரு. இதுதான் எனக்கு சாட்சி. நான் பொட்டு வெச்சிக்க முடியாது, அதனால இதுக்கு வெக்கிறேன்."

அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது, ஒளிக்காமல் சொல்கிறேன். கொடுக்க வந்ததைக் கொடுத்தாகிவிட்டது. வாசலில் ஒரு கால் வைத்தும்விட்டேன்.

"நில்லு. உன் கையைப் பாத்தா மெக்கானிக்கு மாதிரி இருக்குது. ஒண்ணு சொல்லு." ஸ்பேனரை என் பக்கம் நீட்டினாள். "இந்த மூணு புள்ளி இன்னாது? டிப்போலருந்து வந்தவங்களை எல்லாம் கேட்டேன். பாக்குறாங்க, ஒண்ணும் சொல்லாம எழுந்து பூடுறாங்க. முனியப்பன்னு ஒருத்தரு, அவரு பாத்துட்டு அழுதே பூட்டாரு. யாருமே சொல்ல மாட்டேன்றாங்க."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஏழு வருடம் என்னோடு ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள், என் கத்தலைப் பொறுத்துக்கொண்டவர்கள், அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இவளை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"அது என் அடையாளம்மா. ஸ்பேனர் என்னுது. அன்னிக்கு வேலை பண்ணிட்டு வண்டிக்குள்ள விட்டுட்டு வந்தேன். எண்ணல." நீட்டிய ஸ்பேனரை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவரு குடிக்கல. பிரேக்கை மிதிச்சிருப்பாரு. இது அடியில இருந்ததால பெடல் இறங்கியிருக்காது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் திரும்பிப் போட்டோவைப் பார்த்தாள்.

"அப்போ மிதிச்சிருக்காரு."

"மிதிச்சிருப்பாரும்மா. கடைசி வரைக்கும்."

சந்திரம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது. சந்து முனையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் முதலில் நின்றவள் தன் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். சந்திரம்மா ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்தாள். குங்குமம் அவள் விரலெல்லாம் அப்பியிருந்தது.

"இப்போ சொல்லு," என்றாள்.

நான் கத்துகிறவன். அன்றைக்கு என்னவோ முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

யாரோ குழாயை மூடினார்கள். என் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.