முந்திச் சிரைத்த தலை

தலையைக் குனிந்து கொடுத்ததும் வசீகரனின் முதுகில் பழைய வலி பிடித்துக்கொண்டது. வருடக்கணக்காக ஆக்லாந்து வீட்டு வாசல்களில் முழங்காலில் நின்று கொங்கிரீட் மட்டம் பார்த்த முதுகு. சான்ட்ரிங்ஹாம் சலூனில் சவரக்கத்தியோடு நின்ற ராகேஷ் தயங்கினான்.

"அண்ணா, அப்பா இன்னும் இருக்காருல்ல?"

"நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரியில மூச்சு மெசினைக் கழட்டினா அரை மணித்தியாலமும் தாங்காதாம்," என்றார் சித்தப்பா திருநாவுக்கரசு. "நாளைக்குப் பெரிய வெள்ளி. நீர் கடையைப் பூட்டிப்போட்டு கேம்பிங் போயிடுவீர். பிறகு கொள்ளி வைக்கிற மூத்த பெடியனுக்கு ஆர் மொட்டை அடிக்கிறது, நானோ?"

ராகேஷ் அடித்துவிட்டான்.

மறுநாள் மெசினைக் கழற்றினார்கள். அப்பா மகேசன் சாகவில்லை. மத்தியானம் கழிந்தும் மூச்சு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வசீகரன் இருப்புக் கொள்ளாமல் கோப்பி மெசினுக்கும் லிஃப்டுக்குமாக நடந்தான். அப்பா பிழைக்க வேண்டும் என்று நடக்கிறானா, முடிந்தால் போதும் என்று நடக்கிறானா, அவனுக்கே பிடிபடவில்லை. அப்பாவின் கொங்கிரீட் வேலையும் அதற்கு ஓடும் வானும் ஆட்களும் தனக்குத்தான் என்று அவன் நினைத்திருந்தான். மகேசன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி யசீகரனுக்கு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. சீமெந்துப் பை தூக்கி அறியாதவன்.

நடைக்கூடத்துக் கதிரையில் வசீகரனின் மகள் கஜானி வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பெயினை ஆண்ட விசிகோத் அரசர்கள்.

"அங்கையும் மூத்தவனுக்குத்தானே பட்டம், பிள்ளை?"

அப்படிக் கட்டாயமில்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பெரிய ஆட்கள் கூடி ஒருவனை எடுப்பார்களாம். பொறுக்கமாட்டாதவன் இருக்கிறவனைக் கொன்றுவிட்டு ஏறுவானாம். வம்பா என்று ஒரு அரசன் நினைவிழந்து கிடந்தபோது, சாகப்போகிறான் என்று தலையை மழித்துத் துறவியாக்கிவிட்டார்கள். அவன் எழும்பிவிட்டான். ஆனால் துறவியாக மழித்த தலை அரசாள முடியாதென்று இறக்கிவிட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவள் தகப்பனின் மொட்டையை மறைத்திருந்த தொப்பியைப் பார்த்துப் புத்தகத்தை மூடினாள்.

"சொறி, டாட்."

சனிக்கிழமை மகேசன் கண் விழித்தார். வாய் துடைக்கக் குனிந்த வசீகரன் வெக்கைக்குத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தான். கிழவரின் கண் அந்தத் தலையில் போய் நின்றது.

"ஆரடா செத்தது?"

சித்தப்பாதான் முந்தினார். "கோயில் நேர்த்தி, அண்ணை."

"ஈஸ்டருக்கோ?"

மகேசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி, "வான் திறப்பை யசியிட்டக் குடு," என்றார்.

"அவனுக்கு வேலை தெரியாதே, அப்பா."

"பொறுக்கத் தெரியும்."

வசீகரன் காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தான். தம்பி அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஞாயிறு விடிந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தகனம். மொட்டையில் முள்ளுமுள்ளாக முளைத்திருந்தது. இன்னொரு தரம் வழிக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கொள்ளியும் அங்கே ஒரு பொத்தான்தான். ஐயர் சொன்னதும் வசீகரன் அழுத்தினான். பெட்டி உள்ளே போனது.

தகனசாலை வாசலில் மவுண்ட் வெல்லிங்டன் மரகதம் அக்கா வசீகரனின் கையைப் பிடித்தாள்.

"செத்தவீட்டில கேக்கப்படாதுதான், தம்பி. உங்கட கொப்பர் எங்கட வாசலை அரைவாசியில விட்டிட்டார். வீல்செயாரோட என்ர மனுசனை வெளியில இறக்கேலாமக் கிடக்கு. எப்ப வருவியள்?"

வசீகரனுக்கு வரும் நாள் வாய்வரை வந்தது; விழுங்கிவிட்டான். "இனித் தம்பியிட்டத்தான் கேக்கோணும், அக்கா."

யசீகரன் சப்பாத்தைப் பார்த்தான். "அண்ணை சொல்லுவார்."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் அடுத்த பிரேதத்தின் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்; வழிவிட்டு மூவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். மகேசன் அவளிடம் முழுக் காசும் வாங்கியிருந்தார். பாதி வாசலுக்கு இன்னும் கொங்கிரீட் ஊற்றவில்லை.