தேதி போடாத மூன்று டிக்கெட்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு டீச்சர் போட்ட போனில் உதித்தது.

வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. வாரப் பத்திரிகைத் தொடரின் இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவனை லிஃப்டுக்குள் அடைத்துவிட்டு, வெளியே விடலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சார், உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர் பேசறேன். பயப்படாதீங்க, அவளுக்கு ஒண்ணும் இல்ல. அழுதுட்டிருக்கிறது வேற பையன்."

"அடிச்சிட்டாளா?"

"அடிச்சிருந்தா நானே பாத்துக்குவேன். லீவுக்கு எங்கெங்க போனீங்கன்னு கேட்டேன் சார். அந்தப் பையன் தீம் பார்க் போனேன், படகுல ஏறினேன்னான். உங்க பொண்ணு எழுந்து நின்னு, 'அந்த பார்க் கிடையவே கிடையாது மிஸ், அது எங்கப்பா எழுதின கதை'ன்னுட்டா. அவன் போட்டோ இருக்குங்கறான். இவ 'அது ஓவியர் மாமா வரைஞ்சது'ங்கறா. இப்ப அவனுக்கே தான் போனோமா இல்லையான்னு சந்தேகம் வந்துடுச்சு."

பின்னணியில் அந்தப் பையனின் அழுகை தெளிவாகக் கேட்டது.

"மூணு மாசமா தினமும் சொல்றீங்களாமே, அவகிட்ட என்னதான் சார் சொல்லிட்டிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இனி வருவது.

(இதற்கு முன் இன்னொரு தொடக்கம் வைத்திருந்தேன்: "கொட்டும் மழையில், பூங்காவின் துருப்பிடித்த இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்த அந்த விநாடியில்..." அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. கதவும் கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டே போனால் அதுவே திறக்கும். முப்பது வருடத் தொழில் பழக்கம், மன்னியுங்கள்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தமே மூன்று பேர்.

நான்: தொடர்கதை எழுத்தாளன். வாரத்துக்கு ஒரு கொலை, அல்லது கொலைக்குச் சமமான ஏதாவது ஒன்று. என் மனைவி: மருத்துவமனையில் தலைமை நர்ஸ். நாற்பது பேருக்கு டூட்டி லிஸ்ட் போடுகிறவள். எங்கள் மகள்: ஐந்து வயது. வீட்டில் அவளுக்கு ஜட்ஜ் என்று பெயர். எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள். விசாரித்தபின் மேல்முறையீடு கிடையாது.

டிக்கெட் எடுத்தது மனைவி. வாங்கிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற வகை. "என் ஷிப்ட் மாறும், உங்க அத்தியாயம் இழுக்கும், இவளுக்கு ஜுரம் வரும். எல்லாத்துக்கும் இடம் கொடுக்கிற டிக்கெட்" என்றாள். அறிவுள்ள யோசனை. ஆனால் என்றைக்கும் போகலாம் என்ற டிக்கெட், இன்றைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்கிறது. முதல் தடவை ஜுரம். இரண்டாவது தடவை என் அத்தியாயம். மூன்றாவது தடவை...

(இங்கே "அவளுடைய ஷிப்ட்" என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த மனைவி அதை அடித்து, ஓரத்தில் 'அதுவும் உங்க அத்தியாயம்தான்' என்று எழுதியிருக்கிறாள்.)

ஒத்திவைத்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். ஜட்ஜ் காலையில் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திருப்பம் வைத்து நான் கதை சொல்ல வேண்டும். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்ததும் கதையை உச்சத்தில் நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்பேன். போக முடியாமல் போன பூங்காவையும் அதே தட்டில் வைத்து, அதே குரலில் ஊட்டிவிட்டேன். குகைக்குள் போகும் படகு. வழி சொல்லும் கரடி. பனி கொட்டும் மலை. கடைசி வாய் வந்ததும், "மீதி நாளைக்கு."

மூன்று மாதம் இப்படி ஓடினால், ஐந்து வயது நீதிமன்றம் என்ன தீர்ப்பு சொல்லும்?

3

வெள்ளி மாலை சாட்சிகளை அடுக்கினேன்.

பூங்காவின் வரைபடம். "இது ஓவியர் மாமா வரைஞ்சது." என் தொடருக்குப் படம் போடுகிறவர் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு புதையல் வரைபடம் வரைந்து தந்திருந்தார். தப்பு சொல்ல முடியாது.

போனில் வீடியோ. "டைனோசர்கூட வீடியோல வருது. அது நிஜமில்லன்னு நீதானே சொன்ன?"

கடைசியாக மூன்று டிக்கெட்டுகள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேதி எங்க?"

"இதோ பாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கே."

"அது முடியற தேதிப்பா. நாம போற தேதி எங்க?"

நர்ஸ் பெற்ற பிள்ளை. மருந்து பாட்டிலில் தேதி பார்க்கத் தெரிந்த பிறகுதான் இவள் அ, ஆ கற்றுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாம போறோம். சத்தியமா போறோம்."

ஜட்ஜ் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் கோபம் இல்லை. ஆர்வமாகத்தான் கேட்டாள்:

"ம்... அப்புறம் என்னாச்சு?"

வாசகரே, முப்பது வருடமாக இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. என் மகள் என்மேல் கோபப்படவில்லை. நான் சொல்வது எதுவும் நடக்கப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி.

4

சனிக்கிழமை திட்டம் போட்டேன். அரைமணிக்கு ஒரு நிகழ்ச்சி, மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததற்கு ஒரு தூண்டில். மனைவியிடம் காட்டினேன்.

"இது எதுக்கு? யாரையாவது கொல்லப் போறீங்களா?"

"கச்சிதமா இருக்கு பாரு. பத்தரைக்கு ராட்டினம், பதினொண்ணுக்கு மலை..."

"பதினொண்ணுக்கு அவ ஒண்ணுக்குப் போகணும்பா. பதினொண்ணு அஞ்சுக்கு வேண்டாம்பா. பதினொண்ணு பத்துக்கு மறுபடியும்பா. அது எங்க இருக்கு இதுல?"

பேனாவைப் பிடுங்கிப் பதினேழு நிகழ்ச்சிகளை அடித்தாள். மிஞ்சியவை இரண்டு: காலையில் உள்ளே போவது, மத்தியானம் படகு. "நடுவுல எல்லாம் அவ இஷ்டம். மழை வந்தா கூரை இருக்கிற பக்கம். தூங்கிட்டா நிழல். நான் லிஸ்ட் போடறப்ப எப்பவும் ஒரு ஆள உபரியா வெச்சிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா அந்த ஆள் சும்மா உக்காந்திருக்கட்டும். நாளைக்கு நீங்கதான் அந்த உபரி ஆளு."*

*இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரே பாத்திரம் எல்லா இடத்திலும் சரியாகவே பேசினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஏதாவது குறை வைக்கலாம் என்று தேடினேன். குடை எடுத்து வைக்க மறந்தாள் என்று எழுதலாம். மறந்தது நான்.

5

ஞாயிறு காலை ஒன்பதரை. கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே போனோம்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பூங்கா இருக்கிறது, குழந்தை பார்த்துவிட்டாள், சுபம்.

எதிரே கரடி வந்தது. ஆளுயர உடை, பெரிய தலை. எங்களைத் தாண்டிப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் குடித்தது. உள்ளே மீசை வைத்த ஒருவர், வியர்வையில் குளித்திருந்தார். ஜட்ஜ் நேராக அவரிடம் போனாள்.

"உங்கள எங்கப்பாதான் எழுதினாரா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை எழுதினவர் யாருன்னு தெரிஞ்சா நீ எனக்குச் சொல்லு பாப்பா. ரெண்டு கேள்வி கேக்கணும்."

"பாத்தியா?" என்று ஜட்ஜ் என்னிடம் திரும்பினாள். "கரடி பொய்."

அப்புறம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். கோட்டைச் சுவர் 'டொக் டொக்' என்றது. பொய். மரம் பிளாஸ்டிக். பொய். பனி, சோப்பு நுரை. மோந்து பார்த்து, "நம்ம வீட்டு சோப்பு வாசனை" என்றாள். பொய். எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது. நான் சொல்வது நிஜம் என்று நிரூபிக்க, உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, ஒரு கல்லைக்கூட நிஜமாக வைக்காத இடத்துக்கா குழந்தையைக் கூட்டி வருவேன்?

"திரும்பிப் போயிடலாமா?" என்றேன் மனைவியிடம்.

"உபரி ஆளு பேசக்கூடாது" என்றாள்.

6

(இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குழந்தை காணாமல் போகிறாள். இன்னொன்றில் ராட்டினம் நடுவானில் நிற்கிறது. என் பத்திரிகை ஆசிரியருக்கு இரண்டுமே பிடிக்கும். நடந்தது இவ்வளவுதான்.)

பனிமலைக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு பாதி திறந்திருந்தது. ஜட்ஜ் எட்டிப் பார்த்தாள். உள்ளே துடைப்பங்கள், வாளிகள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஓர் அம்மா உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பூங்கா சீருடை, முழங்கை வரை ஈரம்.

"என்ன பாப்பா, வழி தப்பிட்டியா?"

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"மலையத் துடைக்கிறேன்."

"மலையத் துடைப்பாங்களா?"

"பின்ன? தூசி படியுதுல்ல. தினமும் காலைல உச்சிலேர்ந்து ஆரம்பிச்சு அடிவாரம் வரைக்கும். போன வாரம் ஒரு காக்கா மேல கூடு கட்டிடுச்சு. அத எடுக்கவா வேண்டாமான்னு ஆபீஸ்ல இன்னும் மீட்டிங் போட்டுட்டிருக்காங்க."

ஜட்ஜ் வெளியே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை உச்சியில் நாலு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காக்கை எங்களை முறைத்தது. ஜட்ஜ் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மலையத் துடைக்கிறவங்கள நீ சொல்லவே இல்லையே."

"எனக்குத் தெரியாதும்மா."

"காக்கா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப," என்றாள் ஜட்ஜ் மெதுவாக, "இது நிஜம்."

தீர்ப்பின் சாரத்தைக் கவனியுங்கள். அப்பா சொன்னதெல்லாம் கதை. அப்பாவுக்குத் தெரியாததுதான் நிஜம். பாதி வெற்றி என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மனைவி காதோரம் சொன்னாள்: "படகு? அதைப் பத்தி இருபது நாள் ஊட்டினீங்களே."

7

படகுக்கு நாற்பது நிமிட வரிசை. ஒரு படகில் இருவர்தான். எங்களுக்கு முன்னால் மூன்றே பேர் மிச்சமிருந்தபோது என் போன் அடித்தது. ஆசிரியர்.

"சார், தலை போற விஷயம். இன்ஸ்பெக்டர் பத்தொம்பதாம் அத்தியாயத்துல செத்துட்டார். நீங்க நேத்து அனுப்பின இருபத்து மூணுல லிஃப்ட் வாசல்ல நின்னு டீ குடிக்கிறார்!"

"ஐயையோ."

"அச்சுக்குப் போகுது சார். பத்து நிமிஷம். உக்காந்து ஒரு பாரா மாத்திக் குடுங்க."

ஜட்ஜ் என் முகத்தைப் பார்த்தாள். கையை மெல்ல என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். "போப்பா, பரவால்ல" என்றாள். அதே நிம்மதி. இந்த இடத்தில்தான் நான் எப்போதும் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

போனை மனைவியிடம் நீட்டினேன்.

"நானா?" என்றாள்.

"உபரி ஆளை மாத்திக்கலாம்."

அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். "சார், நான் அவர் வீட்டுக்காரி. செத்தவர் டூட்டிக்கு வரமாட்டார். அவருக்குப் பதில் அதே ஸ்டேஷன்லேர்ந்து வேற ஒரு ஆளப் போடுங்க. இல்ல சார், டீ வேண்டாம், டூட்டில இருக்கார்ல..." குரல் கூட்டத்தில் கரைந்தது.*

*அந்த வாரம் வந்த புது சப்-இன்ஸ்பெக்டரைப் பாராட்டிப் பதினோரு கடிதங்கள். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

படகுக்காரர் கம்பியைத் தூக்கினார். "ஏறுங்க சார், ஏறுங்க."

ஜட்ஜ் ஏறவில்லை. "அப்பா, ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"உள்ள போனதும் நீ பேசக்கூடாது. நீ பேசினா கதையாயிடும்."

"சரி."

"வெளில வந்தும் சொல்லக்கூடாது. யாருக்கும்."

"சரி."

"எழுதவும் கூடாது."

பின்னால் வரிசை முனகியது. படகுக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "பாப்பா, மத்த பிள்ளைங்க காத்திருக்காங்க. அப்பா எழுதமாட்டார், ஏறு."

"அவர் எழுதுவார்" என்றாள் ஜட்ஜ். "எல்லாத்தையும் எழுதுவார்."

"இத எழுதமாட்டேன்" என்றேன்.

பார்த்தாள். தட்டிப் பார்ப்பதுபோல என் நெஞ்சில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினாள். என்ன சத்தம் கேட்டதோ, ஏறி உட்கார்ந்து தனக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

8

இதுவரை வந்துவிட்டீர்கள், முடிவைக் கொடு என்பீர்கள். நியாயம்தான்.

முடிவு ஒன்று: குகைக்குள் விளக்கு அணைகிறது, அவள் பயந்து என் கையைப் பிடிக்கிறாள், நான்... (அடித்தேன்.)

முடிவு இரண்டு: படகு வெளியே வரும்போது அவள் தூங்கிப்போயிருக்கிறாள், தூக்கத்தில் ஏதோ... (இதையும்.)

முடிவு மூன்று: அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறாள், அந்த வார்த்தை

இல்லை.

கதையைப் படித்த ஆசிரியர் கேட்டார்: "படகுல என்ன சார் ஆச்சு? ஒரு பாரா போடுங்க, இல்லாட்டி கதை தொங்குது." தொங்கட்டும் என்றேன். முப்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு. "சும்மா ஏதாவது கற்பனை பண்ணி எழுதுங்களேன்" என்றார். அதைத்தான் சார் செய்யக்கூடாது.

ஜட்ஜுக்கு இப்போது எழுத்துக்கூட்ட வருகிறது. கடைப்பலகைகளை விட்டுவைப்பதில்லை. இன்னும் ஓரிரு வருடத்தில் இந்தப் பக்கத்தைத் தேடி எடுப்பாள். கரடி இருக்கிறதா, இருக்கிறது. மலை, இருக்கிறது. காக்கை, இருக்கிறது; அவள் நிஜம் என்றதைக் கதையாக்கியதற்கு என்ன தண்டனையோ, ஏற்றுக்கொள்கிறேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து படகைத் தேடுவாள்.

உங்களுக்கு ஒன்றும் தடையில்லை. நீங்கள் யாருக்கும் வாக்கு கொடுக்கவில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், படகில் நடந்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். அழிக்க ஒருத்தி வருவாள்.

(                                        )