சுத்தமாகச் செதுக்கிய சரிவு

ஓரகத்தி மேல் பொறாமைப்படாத பெண் எங்கேயாவது இருக்கலாம். கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் இல்லை. ஞானேஸ்வரிக்குத் தன் கொழுந்தன் மனைவி லோஜினியைக் கண்டாலே ஆகாது. இது லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி. லோஜினி குழம்பு வைத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கும். போதாக்குறைக்கு மாமியார் பாலம்மா வேறு, "சின்னவ கைராசிக்காரி" என்று வாய்க்கு வாய் சொல்லித் திரிவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன வருடம் ஒரு வேலை வந்தது. அதோடு எரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது.

லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. அதிலிருந்த மரங்களை எவனோ ஒரு பணக்காரன், விடுதி கட்டப் போகிறேன் என்று அனுமதியே இல்லாமல் வெட்டிச் சாய்த்தான். வழக்கு வந்ததும் ஆள் கம்பி நீட்டிவிட்டான். மொட்டைச் சரிவுதான் மிச்சம். மழை பெய்தால் மண் கரைந்து இறங்கியது. அங்கே நாக மரம், கித்துள், கொறக்கா என்று இந்த மலைக்கே உரிய மரங்களைத் திரும்ப வளர்க்க ஒரு நிறுவனம் முன்வந்தது. பொறுப்பாக வந்தவன் மஹய்யாவை என்ற ஊர்ப் பையன் யுகேஷ். சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, கன்று நட்டுப் பார்த்துக்கொள்ள லயத்துப் பெண்களிடம் ஒப்படைத்தான். லோஜினி சமைக்கும் குசினிக்கு நேர் மேலே இருந்த துண்டு ஞானேஸ்வரிக்கு விழுந்தது. ஞானேஸ்வரியின் குசினிக்கு மேலே இருந்தது லோஜினிக்கு. யாருடைய துண்டு நன்றாக இருக்கிறதோ அவருக்கு நாற்றுமேடைப் பொறுப்பாளர் வேலை. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், அட்டைக்கடி கிடையாது, கங்காணியின் ஏச்சும் கிடையாது.

இருபத்திரண்டு வருடம் தேயிலை மலையில் நின்றவள் ஞானேஸ்வரி. அந்த வேலை தனக்குத்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

யுகேஷ் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கம் சொன்ன நாளில் அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். சாயந்தரம் லோஜினி வந்து சொன்னாள்.

"அக்கா, புல்லு பூண்ட புடுங்க வேணாமாம். மரக்கன்னச் சுத்தி ஒரு முழம் எடுத்தா போதுமாம். அந்த வேருதான் மண்ணப் புடிச்சி வச்சிருக்குதுன்னு சார் சொன்னாரு."

"சரி சரி, எனக்குத் தெரியும்" என்றாள் ஞானேஸ்வரி.

அவளுக்கு எங்கே தெரியும்? தேயிலை மலையில் புல் மண்டிக் கிடந்தால் கங்காணி பரம்பரையையே இழுத்து ஏசுவான். அங்கே சுத்தம்தான் மானம். புல்லை விடச் சொல்கிறாளே, என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் கள்ளி என்றுதான் அவளுடைய புத்தி போயிற்று. யுகேஷின் நம்பர் போனில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் லோஜினிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடாதா? கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. வெள்ளிக்கிழமை யுகேஷ் வந்து பார்த்து ஆளைத் தீர்மானிப்பதாக இருந்தது. புதன்கிழமை ஞானேஸ்வரி புல் செதுக்கும் சொரண்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஒரு புல் விடவில்லை. மேலிருந்து கீழ்வரை செதுக்கித் தள்ளினாள். சிவந்த மண் பெருக்கிய வாசல்போலக் கிடக்க, நடுவே கன்றுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் லோஜினியின் துண்டில் கன்று எது, காடு எது என்றே தெரியவில்லை. அட, இதைப் பார்த்தா வேலை கொடுக்கப் போகிறான் என்று வாய்விட்டுச் சிரித்தாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழன் மத்தியானம் பிடித்த மழை மூன்று மணிநேரம் கொட்டியது. விட்டபோது லோஜினியின் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப் பார்த்தால், ஞானேஸ்வரி செதுக்கிய சரிவு கரைந்து இறங்கி, குசினிக்குள் முழங்கால் அளவு சேறு. அடுப்பு, அரிசி வாளி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை எல்லாம் அதற்குள்ளே. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லோஜினியின் புல் மண்டிய துண்டுக்குக் கீழே இருந்த ஞானேஸ்வரியின் குசினியில் ஒரு பிடி மண்கூட இறங்கவில்லை.

மறுநாள் யுகேஷ் வந்தபோது லயமே அங்கே கூடியிருந்தது. லோஜினி சேற்றோடு வெளியே வந்தாள்.

"என்னயப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா ஏசுங்கக்கா. பச்சப்புள்ள இருக்கிற ஊட்டுல மண்ண எறக்கலாமா?"

"வேணும்னேதான் செஞ்சிருக்கா" என்றாள் பாலம்மா. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இத்தனை வருடப் பொறாமையைப் பார்த்தவர்களில் யார் அதை நம்புவார்கள்?

யுகேஷ் மட்டும் தணிவாகக் கேட்டான். "அக்கா, அன்னைக்கு நீங்க கூட்டத்துக்கு வரலதானே? புல்ல எடுக்கக் கூடாதுன்னு யாரும் ஒங்களுக்குச் சொல்லலையா? வந்தவங்க சொல்லியிருக்கணும். சொல்லலன்னா ஒங்க மேல பிழை இல்ல."

லோஜினி சொன்னதைக் கேட்ட சாட்சி யாருமில்லை. 'யாரும் சொல்லல' என்றால் போதும், பழி முழுவதும் லோஜினி தலையில் விழும். கைராசியும் மண்ணாங்கட்டியும் அன்றோடு முடியும். வேலைகூடக் கைக்கு வரலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லோஜினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானேஸ்வரி என்ன சொல்லிவிட முடியும் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது.

"சொன்னா சார்" என்றாள் ஞானேஸ்வரி. "லோஜினிதான் சொன்னா. அவ சொன்னதுனாலேயே நான் கேக்கல."

யுகேஷ் நாற்றுமேடை வேலைக்கு லோஜினியின் பெயரை எழுதிக்கொண்டான்.

ஞானேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோஜினியின் குசினிக்குள் போய் மண்ணை அள்ளத் தொடங்கினாள். மனம் திருந்திவிட்டாள் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வயிறு அப்போதும் பற்றித்தான் எரிந்தது.

பக்கத்தில் வந்து குனிந்து மண் அள்ளிய லோஜினி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "திங்கக்கெழம நாத்துமேடைக்கு வாங்க. ஒங்க துண்டுக்குப் புதுக் கன்னு தர்றேன்."

அவளிடம் போய்க் கைநீட்டி வாங்க வேண்டும். ஞானேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வாளி அள்ளி வெளியே கொட்டினாள்.

"எத்தன மணிக்கு?" என்றாள்.