இருமல் நீக்கிய ஒலிப்பதிவு

என் வீட்டுக்காரர் பலராமனுக்குக் குரல்தான் தொழில். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலையிலும் கீழ்பென்னாத்தூரிலும் சுற்றியவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடியோ, கண் பரிசோதனை முகாமோ, அவர் சொன்னால் ஊர் நின்று கேட்கும். ஒவ்வொரு தெருமுனையிலும் அறிவிப்பு முடிந்ததும் ஒரு சிகரெட். கேட்டால், "தொண்டைக்கு சூடு வேணும்ல" என்பார்.

அந்தக் குரல் என்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்றால் நான்தான். நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அதன்பிறகு பேச்சு வராது என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த சமயத்தில்தான், கிரிவலப் பாதையில் புகைபிடிக்கக் கூடாதென்று ஒலிபரப்ப ஓர் அறிவிப்பு பேசித்தரச் சொல்லி நகராட்சியிலிருந்து வந்தார்கள்.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

"இத நான்தான் சொல்லணும். எந்தெந்தக் கடைக்கோ கத்திட்டேன். கடைசியா இது ஒண்ணாவது உருப்படியா இருக்கட்டும்" என்றார்.

ஒலிப்பதிவு செய்துதரும் மாறனின் ஸ்டுடியோவில் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். குரல் கரகரத்தது, ஆனாலும் கம்பீரம் போகவில்லை. "பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டப்படி குற்றம். உங்கள் புகை, அருகில் நடக்கும் குழந்தைக்கும்..." அங்கே இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பாஞ்சால, தண்ணி குடும்மா."

அவர் வாயில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை; பாட்டில் மூடியைத் திறக்க மறந்துபோனேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, கழுத்தில் துளையோடு வீடு திரும்பினார். வீட்டில் சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் மாறனிடம் போனேன். "அன்னிக்குப் பேசினத முழுசா என் போன்ல போட்டுக் குடுப்பா."

"சூப்பரா வந்துருக்குதுக்கா. இருமல், நடுவுல பேசினது எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"எடுத்தது எங்கப்பா?"

"அது எதுக்குக்கா? அப்பவே டெலீட் பண்ணிட்டனே."

அவன்மேல் தப்பில்லை. சுத்தமாக்கித் தருவதுதான் அவன் வேலை. அதை வைத்திருக்கச் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

பௌர்ணமியன்று அவரைக் கிரிவலப் பாதைக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் ஓரமாக உட்காரவைத்தேன். கம்பத்து ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் சிகரெட் பற்றவைத்தார்.

"அணைடா, ஃபைன் போட்டுருவாங்க" என்றார் கூட வந்தவர்.

"போடா. கூவறதுக்கு அந்தாளுக்குக் காசு. வீட்டுக்குப் போய் அவரே ஊதுவாரு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊதினாருங்க. அதான் இப்ப கம்பத்துல மட்டும் பேசறாரு."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு இவர் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு நடந்தார். அடுத்த வளைவில் இன்னொன்று பற்றவைத்தாரோ என்னவோ.

அறிவிப்பு மறுபடி முதலிலிருந்து வந்தது. "அருகில் நடக்கும் குழந்தைக்கும், முதியவருக்கும்..." மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல் வெட்டி ஒட்டியிருந்தான் மாறன். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் என் பெயர் இருந்தது.

இவர் விரலால் என் தோளைத் தட்டினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.