அடித்துவிட்ட நகைகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பூஜை லீவுக்கு ஊரே குகை, கோட்டை என்று கிளம்பிவிட்டது; நான் கல்கத்தாவில் டாலிகஞ்சை விட்டு நகரவில்லை. அதனால் 1908-ஆம் வருஷத்துப் பட்டாபிராமனையும் அவர் மனைவி ஜகதாம்பாளையும் அனுப்பிவைத்தேன். அவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம், டிக்கெட் செலவில்லை. சோட்டா நாக்பூரில் ஒரு குகை, ஒரு பழைய தங்கச் சுரங்கம்.

முதல் வாக்கியம்: 'புலர்காலைப் பொன்னொளியில் ஹௌரா ஸ்டேஷன்...' சீ, வேண்டாம்.

2

"இன்னும் என்னடி பண்றே? வண்டி போயிடும்!" பட்டாபிராமன் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"இருங்கோன்னா! வெறும் சரடோட தங்கச் சுரங்கத்துக்குப் போனா, பொறுக்க வந்திருக்கான்னு நெனைக்க மாட்டாளா?"

[கெம்பு அட்டிகை, இரட்டை வடச் சங்கிலி பூட்டிக்கொண்டாள். இடது கை வளையல் ஒன்று நசுங்கியிருந்தது; போன வருஷம் பட்டாபிராமன் பார்க்காமல் வண்டிக் கதவைச் சாத்தியதில்... இந்த இடத்தை அடித்துவிட்டேன். நகை வர்ணனையை யார் படிப்பார்கள்?]

3

குகை. "இதுக்கா ரயிலேறி வந்தோம்? நம்மாத்து உக்கிராணம் இதைவிட இருட்டு," என்றாள் ஜகதாம்பாள். குகைக்கென்று நான் எழுதி வைத்திருந்த தத்துவமெல்லாம் வீண்.

சுரங்கத்தில் ஒரு பொட்டுத் தங்கமும் கண்ணில் படவில்லை. திரும்பும்போது வாசலில் காவலுக்கு நின்ற தர்வான் மறித்தான். காலையில் இவர்களை உள்ளே விட்ட ஆள் சாப்பிடப் போயிருந்தான், இவன் புதியவன். உள்ளேயிருந்து தங்கம் வெளியே போகக்கூடாது, அது சட்டம்.

"நான் போட்டுண்டு வந்தது!" ஜகதாம்பாள் தனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினாள்.

"போட்டிருக்கறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அம்மா, தலைப்பைப் போர்த்திக்குங்க. பாபுஜி, பாக்காம நீங்க சொல்லுங்க, என்னென்ன போட்டிருந்தாங்க? சொல்லலேன்னா தாலி உள்பட எல்லாம் இங்கேயே இருக்கும்."

ஜகதாம்பாள் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பதிலைக் கேட்க அவளுக்கும் ஆசைதான்.

பட்டாபிராமன் திருதிருவென்று விழித்தார். "ஒரு சங்கிலி... இருக்கும். எல்லாப் பொம்மனாட்டியும் போட்டுக்கறது..."

"கல்யாணம் ஆன நாளா உங்க எதிர்லதானேன்னா நிக்கறேன்!" அவள் குரல் உடைந்தது. சிரிப்புக் கதை என்று நினைத்து ஆரம்பித்த எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

4

ஒரு முடிவு: காலையில் இருந்த ஆள் திரும்பி வந்து சாட்சி சொல்கிறான். ஜகதாம்பாள் ஒப்பவில்லை. "அவன் சொல்லி என்ன ஆகணும்? இவர்னா சொல்லணும்!"

இன்னொன்று: பட்டாபிராமனுக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது. எப்படி வரும்? அவர் பார்க்கவே இல்லையே. அவரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. பார்த்த நானே அந்த வரிகளை அடித்தவன்.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். அடித்ததைப் படித்தீர்கள் அல்லவா? அவர் காதோரம் போய், நசுங்கின வளையல் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

"எந்தக் கையிலே?" என்று கேட்கிறார்.

மேலே புரட்டிப் பார்க்கக்கூடாது, 'பாக்காம சொல்லுங்க' என்று தர்வான் சொன்னது உங்களுக்கும்தான். ஜகதாம்பாள் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள்.