வாயில் ஒரு கிராம்பு

மாடியிலிருந்து சீறும் சத்தம் கேட்டது. ஏழெட்டு வாய்கள் ஒன்றாகச் சீறின. அது அடங்கியதும், உதடுகளை ஒட்டிப் பிரிக்கும் சின்னச் சின்ன வெடிப்புகள்.

“உங்க தம்பி பொண்டாட்டி பள்ளிக்கூடம் நடத்தறாளா, பாம்புப் பண்ணை நடத்தறாளா?” என்று மூத்தவள் கணவனிடம் கேட்டாள்.

“எதுவா இருந்தா என்ன, கூட்டம் வருதே” என்றான் அவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தக் கூட்டம்தான் அவளை உறுத்தியது. கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் ஓரகத்தி. தெருவிலுள்ள பிள்ளைகளெல்லாம் ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொள்ள இவள் வாசலைத் தாண்டித்தான் படியேறின. இவள் பெண் குருவி மட்டும் கீழேயே இருந்தாள். ஆள் ஒல்லி, கைகால் ஓயாது, அதனால் அந்தப் பெயர். தன் பெண்ணுக்குத் தானே சொல்லித்தர முடியாதா என்ன? பள்ளியில் எழுத்துக்கூட்டும் போட்டியில் கோப்பை வாங்கியவள் அவள். சுவரைப் பார்த்து நடந்துகொண்டே உரக்கச் சொல்லிச் சொல்லிக் கரைத்துக் குடித்தவள். இப்போது வேலை மருந்துக்கடையில். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படிப்பாள். வருகிறவர் “வயி...” என்று தொடங்கினாலே மாத்திரை மேஜைமேல் இருக்கும். கடையில் அவளுக்கு ‘மின்னல்’ என்றே பெயர்.

ஆனால் மின்னலின் மகளுக்கு வாசிக்க வரவில்லை.

“கே, ஐ, டி, இ. சொல்லு பாப்போம்” என்பாள் அம்மா. குருவி நிமிர்ந்து பார்ப்பாள். சட்டென்று, “கைட்!”

“அப்படிச் சொல்லுடி என் ராஜாத்தி!”

வகுப்பிலோ குருவி வாயே திறப்பதில்லை. வீட்டில் புலி, வெளியில் எலி. பள்ளி வாசலில் வகுப்பு ஆசிரியை மூத்தவளைத் தனியே நிறுத்திச் சொல்லிவிட்டாள்: மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குருவி பெரிய மிஸ் முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் தோழிகள் மேலே போவார்கள், இவள் மட்டும் இதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

அன்று மாலை மூத்தவள் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

இளையவள் எதையோ மென்றுகொண்டே கதவைத் திறந்தாள். அவள் எப்போதும் கிராம்பு மெல்லுவாள். சொத்தைப் பல் என்றுதான் மூத்தவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“வாங்கக்கா. உக்காருங்க.” எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே மூத்தவளுக்கு அழுகை வந்தது.

இளையவள் ஒரு புத்தகத்தை விரித்துக் குருவியிடம் கொடுத்தாள். குருவி பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள், அம்மாவை ஒரு தரம் பார்த்தாள், பின்பு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளையவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். குருவியின் கழுத்து பின்னால் திரும்பியது. மறுபடி திருப்பினாள். கழுத்தும் மறுபடி திரும்பியது, சூரியகாந்திப் பூவைப்போல.

“குருவி, தட்டுல மணல் இருக்கு பாரு, போய் விளையாடு” என்று அனுப்பிவிட்டு, இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவ புத்தகத்தைப் படிக்கல. உங்க உதட்டைப் படிக்கறா. அதை ரொம்ப நல்லாவே படிக்கறா.”

மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

“நானும் கூட இருந்து பாக்கலாமா?” என்றாள் கடைசியில்.

“பின்னாடி உக்காரணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது.” ஒரு சிமிழைத் திறந்து நீட்டினாள். “இதை வாயில போட்டுக்கோங்க.”

“எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“எனக்கும்தான்” என்று சிரித்தாள் இளையவள். “பிள்ளை வாசிக்கிறப்போ நமக்கு நாக்கு துறுதுறுங்குது இல்ல? கிராம்பு இருந்தா அது பாட்டுக்கு அதைப் புரட்டிட்டுக் கிடக்கும். வகுப்பு நடத்த ஆரம்பிச்ச புதுசுல எல்லாத்தையும் நானே சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் கண்டுபிடிச்ச மருந்து இது. உங்க கடையில கிடைக்காது.”

அதன் பிறகு தினமும் கடை முடிந்ததும் மூத்தவள் மாடிக்கு ஏறினாள். கடைசிப் பாயில், நாக்கில் காரத்தோடு, பேசாமல் உட்கார்ந்தாள்.

பாம்புப் பண்ணை என்று அவள் கேலி செய்ததன் உள்ளே எவ்வளவு ஒழுங்கு இருந்தது! ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சின்னக் கண்ணாடி. ஒலி எழும்போது நாக்கு எங்கே போகிறது, உதடு என்ன செய்கிறது என்று பிள்ளைகள் தங்கள் வாயையே வேடிக்கை பார்த்தார்கள். ‘க’ என்று ஒருவன் நீட்டினால், “புள்ளி வை, புள்ளி வை” என்பாள் இளையவள். “உயிரை எடுத்துடு. மெய் மட்டும் போதும். க்!” உடனே அவனுக்குப் பிடிபட்டுவிடும். உயிரும் மெய்யும் படித்த பிள்ளைதானே! இத்தனை வருஷம் இரண்டு மொழியையும் வைத்திருந்தும், ஒன்றின் சாவியால் இன்னொன்றைத் திறக்கலாம் என்று மூத்தவளுக்குத் தோன்றியதில்லை.

ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ‘இ’யை இளையவள் ‘ஊமை இ’ என்பாள். “வாயே திறக்காது. ஆனா பக்கத்துல இருக்கறவனைத் தாண்டிக் கையை விட்டு, நடுவுல இருக்கறவளைக் கிள்ளும். கிள்ளினா அவ என்ன பண்ணுவா?”

“தன் பேரைச் சொல்லிக் கத்துவா! ‘ஐ’ன்னு!”

“கிட்?”

“கைட்!”

குருவி தன் கையையே கிள்ளிக்கொண்டு, தன் பேரைக் கத்திப் பார்த்துச் சிரித்தாள்.

பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் இளையவள் திருத்துவதில்லை. “எதைப் பாத்து அப்படிச் சொன்னே?” என்று கேட்பாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்பாள். பிள்ளை யோசித்துத் தான் வந்த வழியைச் சொல்லும். பாதி வழியில் தானே திரும்பிவிடும்.

ஆனால் மூத்தவளை அசைத்தது அந்தக் காத்திருப்புதான். ஒரு பிள்ளை தடுக்கி நின்றதும் இளையவளின் கன்னத்தில் கிராம்பு மெல்ல இடம் மாறும். முகத்தில் அவசரம் இராது, ஊக்கப்படுத்தும் சிரிப்புகூட இராது. பாலுக்கு உறை ஊற்றிவிட்டு அப்பால் போகிறவளின் நிதானம். அந்த அமைதியில் பிள்ளை தனியே நின்று, தட்டித் தடவி, சொல்லைத் தானே கண்டெடுக்கும். தான் பறித்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று மூத்தவள் நினைத்தாள். தன் அன்பெல்லாம் முந்திக்கொண்டு ஓடும் அன்பு. எதற்கு ஓடினேன்? கொஞ்சம் நின்றால், பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும் என்ற பயம்தானே?

பொறாமை எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் படியிறங்கும்போது, “உன் பக்கத்துல உக்காந்தா எனக்கே மறுபடி முதல்ல இருந்து படிக்கணும் போல இருக்குடி” என்றாள்.

“உங்களுக்கா? நீங்க மொதல்ல வகுப்புல பேசாம இருக்கக் கத்துக்கோங்க. இன்னைக்கு ‘ம்ம்’னு ரெண்டு தடவை சத்தம் வந்துச்சு.”

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய மிஸ்ஸின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். கதவின் மேல்பாதி கண்ணாடி. குருவியின் பின்னலும் விரித்த புத்தகமும் தெரிந்தன. மூத்தவள் கைப்பையிலிருந்து தானே கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

குரல் மெல்லக் கேட்டது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, சேற்றில் கல் பார்த்துத் தாண்டுகிறவளைப்போலக் குருவி போனாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

நின்றது நின்றதுதான். மூத்தவள் எழுந்துவிட்டாள். இளையவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே குருவியின் கழுத்து லேசாகக் கதவுப்பக்கம் திரும்பியது. மூத்தவள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டுவது இவ்வளவு கடினம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கிராம்பைக் கடித்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

பெரிய மிஸ் நல்லவர். அவருக்கும் பொறுக்கவில்லை. “லை...” என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

“சொல்லாதீங்க மிஸ்!”

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். குருவி உள்ளங்கையை நீட்டிப் பெரிய மிஸ்ஸைத் தடுத்துக்கொண்டிருந்தாள். “இருங்க. நான் இன்னும் பாத்துட்டு இருக்கேன். இதுல ரெண்டு பேர் பேசாம நிக்கறாங்க. அவங்க யாருன்னு கண்டுபிடிச்சிட்டா போதும்.”

பெரிய மிஸ் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சுவர்க்கடிகாரம் ஓடியது. குருவியின் விரல் எழுத்துகளின் மேல் போய், நடுவிலிருந்த ஜி-யையும் எச்-சையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

“லைட்” என்றாள். பிறகு உரக்க, “லைட்!”

பக்கம் முடிந்தது. “அடுத்த பக்கமும் வாசிக்கிறியா?” என்று கேட்டார் பெரிய மிஸ். அது பரீட்சையில் இல்லை. அவருக்குக் கேட்க ஆசையாக இருந்தது போலும்.

வெளியே வந்து, “மேல போகட்டும்மா” என்றார் அம்மாவிடம். “மெதுவாத்தான் வாசிக்கிறா. ஆனா அவளே வாசிக்கிறா.” பிறகு இளையவளைப் பார்த்து, “யாரு சொல்லித் தந்தது? நீங்களா?” என்றார்.

“அவங்க அம்மாவும் நானும்” என்றாள் இளையவள்.

மூத்தவள் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை.

“அம்மா ஏன் பேச மாட்டேங்கறா சித்தி?” என்றாள் பின்னாலேயே வெளியே வந்த குருவி.

“வாய் மரத்துப் போச்சுடி உங்கம்மாவுக்கு. ஊரே கொண்டாடணும்.”

மூத்தவள் ஓரகத்தியின் தோளில் ஒரு அடி வைத்தாள். அந்தக் கையை அப்படியே தோளில் விட்டுவிட்டாள்.

தாழ்வாரத்தின் முனையில் ஒரு பலகை தொங்கியது. குருவி ஓடிப்போய் அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. பலகையில் எழுதியிருந்தது என்னவென்று மூத்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லிக்கொடுக்காமல், பக்கத்தில் போய் நின்றாள்.