தோலுக்கும் தசைக்கும் நடுவே

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறக்கப்போன ஓட்டுநரின் கையை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் இருங்க. வீட்டுல இன்னும் பேசி முடியல."

அவள் வாசலுக்கு வந்தாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் மறுபடி உள்ளே போனாள். கூடத்தில் அப்பா கிடந்தார். போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"செத்தப்புறம் உடம்பைக் காலேஜுக்குக் குடுக்கணும்னு சொன்னார், நான் மறுக்கல." அண்ணன் பின்னாலேயே வந்தான். "ஆனா உன் காலேஜ் எதுக்கு? வேற காலேஜே இல்லையா? நீ பாடம் நடத்தற மேசையில அப்பாவா?"

அப்பாவின் அக்கா மூக்கைச் சிந்தினாள். "இருந்தவரைக்கும் ஊசியால குத்திக் குத்தி எல்லாரையும் பாடாப்படுத்தினான். இப்ப இவன் முறை." சொல்லிவிட்டு அத்தையே சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

அப்பா அக்குபங்சர் வைத்தியர். அவள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறவள். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் எப்போதும் ஒரே சண்டை. அவர் தன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரலால் கோடு இழுத்து, சக்தி ஓடும் பாதை இது என்பார்.

"எத்தனையோ கையைத் திறந்து பாத்தாச்சுப்பா. நரம்பு இருக்கு, ரத்தக்குழாய் இருக்கு. உங்க பாதை மட்டும் எங்கயும் இல்ல."

"திறந்ததும் முதல்ல எதை எடுத்து எறிவீங்க?"

"தோலுக்குக் கீழ இருக்கற வெள்ளைச் சவ்வை. அதை வழிச்சு எடுத்தாத்தான் மத்ததெல்லாம் தெரியும்."

"நல்லாயிருக்கு. தேடறதைக் குப்பையில போட்டுட்டுக் காணோம் காணோம்னு சொல்லு."

அவர் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் தசைகளுக்கு இடையே மடிந்து மடிந்து உடம்பு முழுக்க ஓடும் அந்தச் சவ்வை அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. மாணவர்கள் அதைச் சுத்தமாக வழித்திருந்தால் மதிப்பெண் போட்டிருக்கிறாள்.

போன வாரம் இந்தக் கூடத்தில்தான் இடது கையை நீட்டினார். "இதை நீயே திற. பசங்ககிட்ட குடுத்துடாத. எதையும் எறியாம மெதுவா பாரு. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல." சரி என்றாள். மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது? வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இப்போது அண்ணனே வழி காட்டுகிறான். வேறு கல்லூரிக்கு ஒரு போன் போட்டால் போதும், கொடுத்த வாக்கு தன்னால் கழன்றுவிடும். போனை எடுத்தாள், வைத்தாள். சமையலறைக்குப் போய்க் கழுவிய டம்ளரையே கழுவினாள். அந்தக் கையை நினைக்க முடிந்தது. அதன் மேல் கத்தி வைக்கும் தன் கையைத்தான் நினைக்க முடியவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "உங்கிட்ட என்ன கேட்டார்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கையைத் திறந்து பாக்கச் சொன்னார்மா. நானே பாக்கணுமாம்."

அம்மா குழாயை மூடினாள். "எங்கிட்ட கேட்டிருந்தா போய்யான்னிருப்பேன்." டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நீ சரின்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?" கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பெரியவனே, வண்டிக்காரர் எவ்வளவு நேரம் நிப்பார்? வழிய விடு."

தலைமாட்டுப் பக்கம் அண்ணனே வந்து பிடித்தான்.

கல்லூரியில், உடலைப் பதப்படுத்தும் அறையின் உதவியாளர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "மேடம், மருந்து எங்க ஏத்தட்டும்?"

"தொடையில. இடது கையைத் தொட வேணாம்."

அவர் மருந்தைக் கலக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் போர்வையை விலக்கி அந்தக் கையை வெளியே எடுத்தாள். நகங்கள் வளர்ந்திருந்தன. படுக்கையில் கிடந்த நாட்களில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கைப்பையைத் துழாவி நகவெட்டியை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.